பழைய கடனைக் கேட்டு ஆள் வந்தால்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போனால், கிரிவலப் பாதை வலப்புறம் திரும்பி அடி அண்ணாமலையை நோக்கிச் செல்கிறது. சாலையோரம் தங்கும் விடுதிகளும் கடைகளும் பெருகிவிட்டன. ஆயினும், உட்புறமாக நடந்து சென்றால் இன்னும் கிணறும் கழனியும் இருக்கின்றன. செம்மண்ணில் மல்லாட்டையும், ஏரிப் பாசனம் உள்ள இடத்தில் நெல்லும் விளைகின்றன. கார்த்திகைப் பட்ட நிலக்கடலைக்கு 45ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பதைச் செய்து காட்டுவதற்காக அங்கே சென்றிருந்தேன். எக்டருக்கு 400 கிலோ என்று கணக்குச் சொல்லி முடித்துப் புறப்படும்போது, அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். நிலக்கடலையைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டு, முதல்ல ஐயாயிரம் கட்டச் சொல்றாங்க சார். போட்டுடலாமா? நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்."

நான் உழவியல் படித்தவன். சட்டம் படித்தவன் அல்லன். அவரிடம் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: "ஐயா, நாளைக்குக் கையெழுத்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். இரண்டு நாள் கொடுங்கள்." பிறகு வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். இதே காகிதம் வேறு பல வீடுகளுக்கும் வந்திருப்பது பின்னர்தான் தெரிந்தது.

பெரியவரின் கணக்கு

2014 ஆகஸ்டில் அவர் ஒரு நிதி நிறுவனத்தில் மின் மோட்டாருக்காக ரூ.60,000 கடன் வாங்கினார். மாதம் ரூ.2,400 வீதம் 36 தவணை. முதல் தவணை 2014 செப்டம்பர் 5, கடைசித் தவணை 2017 ஆகஸ்டு 5. நிலத்தை அடமானம் வைக்கவில்லை. 2016 நவம்பர் வரை 27 தவணைகளை, அதாவது ரூ.64,800, தவறாமல் கட்டியிருக்கிறார். ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். அந்தப் பைதான் பிற்பாடு அவரைக் காப்பாற்றியது.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கிணறு வற்றிற்று. விதைத்த மல்லாட்டை காய் பிடிக்காமலேயே காய்ந்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். மீதி 9 தவணை, ரூ.21,600, நின்றுபோயிற்று. ஓராண்டு போல ஆள் வந்து கேட்டார்கள். பிறகு வரவில்லை.

இப்போது வந்தவர் வேறொரு கம்பெனியின் பெயரைச் சொன்னார். பழைய கம்பெனியிடமிருந்து கடனைத் தாங்கள் வாங்கிவிட்டதாகவும், வட்டியும் அபராதமும் சேர்த்து ரூ.1,85,000 ஆகிவிட்டதாகவும், இன்றைக்கு ஐயாயிரம் கட்டிக் கையெழுத்துப் போட்டால் தொண்ணூறாயிரத்தில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். தவறினால் நிலத்தை ஜப்தி செய்வோம் என்றார். போகும்போது வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் மனை விலை ஏறிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் பேசியவர்கள் இன்று சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். அரை ஏக்கர் வைத்திருப்பவரிடமும் வசூலிக்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இறந்துபோன கணக்குகளைக்கூடத் தோண்டி எடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

மூன்று ஆண்டுக் கெடு

கொடுத்த பணத்தைக் கேட்டு நீதிமன்றம் செல்வதற்குக் காலக்கெடு உண்டு. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இதை விதிக்கிறது. கைமாற்றாகக் கொடுத்த கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டு. தவணைக் கடனில் ஒவ்வொரு தவணைக்கும் அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டு எனக் கொள்ளலாம். அடமானக் கடன் அப்படியன்று. அதற்கு 12 ஆண்டு.

கெடு கடந்த பின் வழக்குத் தொடுத்தால், எதிராளி அதைச் சுட்டிக் காட்டாவிட்டாலும் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது.

பெரியவரின் கடனுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கடன் கொடுத்தவருக்கு மிகச் சாதகமாக, கடைசித் தவணை நாளான 2017 ஆகஸ்டு 5இலிருந்தே எண்ணினாலும், 2020 ஆகஸ்டு 5இல் கெடு முடிகிறது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பலரும் இதில் தவறுகிறார்கள். கொரோனா காலத்தை முன்னிட்டு, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலக்கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 சனவரி 10இல் உத்தரவிட்டது. ஆகவே 2020 மார்ச் 15 அன்று மிச்சமிருந்த ஏறத்தாழ 4 மாதம் 3 வாரத்தை 2022 மார்ச் 1இலிருந்து கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் 2022 சூலை மூன்றாம் வாரத்தோடு கெடு முடிந்துவிடுகிறது. அதற்குள் யாரும் வழக்குப் போடவில்லை. எனவே, கடன் கெடு கடந்தது.

உங்கள் கடனுக்கும் இவ்வாறே ஒரு தாளில் தேதிகளை எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள். மனக்கணக்கு போதாது.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது?

கெடு கடந்த கடனுக்கு எதற்காகக் கையெழுத்துக் கேட்கிறார்கள்? விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

கெடு முடிவதற்கு முன்னால், "இன்ன கடன் பாக்கி உண்டு" என்று நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும். அதே போல, கெடுவுக்குள் ஒரு சிறு தொகை கட்டி, கட்டியதற்கு உங்கள் கையெழுத்தோடு எழுத்து இருந்தாலும் புதுக் கெடு தொடங்கும். நம் ஊர்களில் புரோநோட்டின் பின்புறம் நூறு ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். மூன்று ஆண்டு முடியப் போகும் சமயத்தில், "நூறு ரூபாய் கொடு, போதும்" என்று கடன் கொடுத்தவர் இரக்கம் காட்டுவது போலக் கேட்பார். வாங்குவது நூறு ரூபாய் அன்று, இன்னும் மூன்று ஆண்டு.

கெடு முடிந்த பிறகு இந்த இரண்டு வழியும் செல்லாது. வெறும் ஒப்புதலோ, ஒரு சிறு தொகையோ செத்த கெடுவை உயிர்ப்பிக்காது. ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கெடு கடந்த கடனையும் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தமாகும். அந்த எழுத்தை வைத்து வழக்குப் போடலாம்.

பெரியவர் காட்டிய காகிதத்தில் இருந்த வாசகத்தின் சாரம் இதுதான்: மொத்தப் பாக்கி ரூ.1,85,000 என்பதை ஒப்புக்கொள்கிறேன்; சமரசமாக ரூ.90,000ஐ ஆறு மாதத்தில் தருகிறேன்; தவறினால் மொத்தத் தொகையையும் தருகிறேன். அவர் கையெழுத்திட்டிருந்தால், ஒன்பது தவணை பாக்கி வைத்த ரூ.21,600, ஒரே பேனா வீச்சில் புத்தம் புதிய ரூ.1,85,000 கடனாக மாறியிருக்கும். ஐயாயிரம் என்பது அதற்கு மேல் போனஸ்.

காசோலையும் கொடுக்கக் கூடாது. வெற்றுக் காசோலையில் அவர்களே தொகை எழுதி வங்கியில் போட்டுத் திரும்பினால், அது சிவில் வழக்கோடு நிற்காது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்காகும். முன்பே கொடுத்த காசோலை எதுவும் அவர்களிடம் இருக்கிறதா என்று நினைவுபடுத்திப் பார்ப்பது நலம். அப்படி ஏதேனும் திரும்பியதாக அறிவிப்பு வந்தால், 15 நாட்களுக்குள் வழக்கறிஞரைப் பார்த்துப் பதில் கொடுக்க வேண்டும்.

கெடு கடந்துவிட்டது என்று அவசரப்படலாகாது

பூச்சி எது, நோய் எது என்று பாராமல் மருந்து தெளிப்பவர்போல, "மூன்று ஆண்டு ஆகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. கீழ்க்கண்ட இடங்களில் ஏமாந்துபோக நேரிடும்.

முதலாவது, நமக்குத் தெரியாமலேயே தீர்ப்பு ஆகியிருக்கலாம். கெடுவுக்குள் வழக்குப் போட்டு, நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மனை நாம் வாங்காமல் திருப்பியிருந்தால், ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கும். தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு வரை மனுப் போடலாம். நிதி நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் நடுவர் விசாரணை என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும்; நடுவர் சென்னையில் உட்கார்ந்து வழங்கும் தீர்ப்பும் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். எனவே, பதிவுத் தபால் ஏதாவது வந்ததா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். நீதிமன்றங்களின் இணையதளத்தில் உங்கள் பெயரைக் கொடுத்து வழக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நடுவர் தீர்ப்பு அதில் எளிதில் தெரியாது. அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இரண்டாவது, நிலப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடனா என்பது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நகை வைத்து வாங்கிய கடனில், வழக்குக்குக் கெடு போனாலும் அறிவிப்புக் கொடுத்து நகையை விற்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு.

மூன்றாவது, கூட்டுறவுக் கடன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத் தனிச் சட்டமும் தனி வசூல் முறையும் உள்ளன. மேற்சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கை அங்கே அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் அங்கே வேறொன்றைப் பார்க்க வேண்டும். 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும், அவ்வாண்டு மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன். 2021இல் சனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடன். 2008இல் மத்திய அரசின் தள்ளுபடித் திட்டமும் இருந்தது. பழைய பயிர்க்கடனைக் கேட்டு யாராவது வந்தால், அந்தக் கணக்கு இவற்றில் எதிலேனும் தீர்ந்துவிட்டதா என்று சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, ஜாமீன். உறவினருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் கடன்காரரே. ஆனால், தந்தை வாங்கிய கடனுக்கு, ஜாமீன் போடாத மகனோ மகளோ தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். தந்தையிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. இழவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வந்து மகனிடம் கையெழுத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்தி யார் செய்ய முடியும்?

வசூலுக்கு வருபவர் ஜப்தி செய்ய முடியாது. நீதிமன்றத் தீர்ப்பும் நிறைவேற்று உத்தரவும் இருந்தால், நீதிமன்ற அமீனாதான் செய்ய வேண்டும். அப்போதும் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, விவசாயியின் உழவுக் கருவிகளையும், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைத் தானியத்தையும், அவர் குடியிருக்கும் வீட்டையும் ஜப்தியிலிருந்து விலக்கி வைக்கிறது. விதைக்கென்று கட்டி வைத்த மல்லாட்டை மூட்டையும் உழவு மாடும் இதில் அடங்கும். அடமானம் வைத்த சொத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை. நிலத்துக்கும் இல்லை; தீர்ப்பு இருந்தால் நிலம் ஏலத்துக்கு வரக்கூடும். சம்மனை அலட்சியம் செய்யலாகாது என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. வங்கிகள் நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை எடுக்க வழி செய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது விளைநிலத்துக்குப் பொருந்தாது என்று அச்சட்டத்தின் 31ஆம் பிரிவே சொல்கிறது.

சிறைக்கு அனுப்புவோம் என்று மிரட்டுவதும் வழக்கம். கடன் கட்ட முடியாத வறுமை குற்றமன்று. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுபவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், ஏழ்மையால் கட்ட முடியாதவரை அனுப்பலாகாது என்று 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே சட்டம் இடந்தரவில்லை.

மிரட்டலும் அவமானமும்

2016 மார்ச்சில் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு பக்கம், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயி வயலில் வைத்து அடித்து இழுக்கப்பட்ட காட்சியைத் தமிழகமே தொலைக்காட்சியில் கண்டது. அடித்தவர்களில் காவலர்களும் இருந்தனர். அடுத்த ஆண்டு அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. இரண்டு சிறு குழந்தைகள் அதில் அடக்கம். இவற்றை எழுதக் கை கூசுகிறது. ஆனால் மிரட்டலைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒடுங்குவதால் எங்கே போய் முடியும் என்பதை மறைப்பதிலும் பயனில்லை. கடன் தொல்லையால் மனம் உடைந்தவர்கள் தமிழக அரசின் 104 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கடன் வசூலுக்கு அடியாட்களைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே கண்டித்தது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் முகவர் அடையாள அட்டையும், அதிகாரக் கடிதமும் கொண்டுவர வேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கும் நுண்கடனுக்கு இந்த நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்துக் கேவலப்படுத்துவதும் விதிமீறல்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றுக்கு எதிராகத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. மூன்று ஆண்டு வரை சிறை. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்ட முன்வடிவு ஒன்றும் 2025 ஏப்ரலில் சட்டப் பேரவையில் நிறைவேறிப் பின்னர் சட்டமாயிற்று. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் மனு ஏற்புச் சான்று, அதாவது சி.எஸ்.ஆர். ரசீது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் திரும்பினால் மனுக் கொடுத்ததற்கு அடையாளமே இராது. திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

வந்தவர் வீட்டு வாசலில் நிற்கும்போது சண்டை வேண்டாம். பெரியவரின் மனைவியார் இதில் கெட்டிக்காரர். மறுநாள் வந்தவரிடம், "எங்க வீட்டுக்காரரு எழுத்துல கேக்கச் சொன்னாரு தம்பி. உன் அட்டையைக் காட்டு, பேரை எழுதிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் அட்டையைக் காட்டாமல், பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எழுத வேண்டிய கடிதம்

பதில் எழுதும்போதும் எச்சரிக்கை வேண்டும். "என் கடனுக்கு அவகாசம் தாருங்கள்" என்று எழுதினால் அதுவே ஒப்புதலாகக் கொள்ளப்படலாம். பெரியவருக்காக எழுதிய கடிதத்தின் வாசகம் வருமாறு:

"தங்கள் பிரதிநிதி என்று கூறிக்கொண்டு ஒருவர் இன்ன தேதியில் என் வீட்டுக்கு வந்தார். தாங்கள் கோரும் தொகைக்கான மூல ஒப்பந்த நகல், முதல் நாளிலிருந்து வரவு செலவுக் கணக்கு, கடைசியாகப் பணம் பெற்ற தேதி, கடன் தங்களுக்கு மாற்றப்பட்டதற்கான ஆவணம், வழக்கு அல்லது நடுவர் தீர்ப்பு ஏதேனும் இருப்பின் அதன் எண்ணும் நகலும் ஆகியவற்றை எழுத்து மூலம் அனுப்பவும். இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொண்டோ, செலுத்துவதாக உறுதி கூறியோ எழுதப்படுவதன்று. இனி எல்லாத் தொடர்பும் எழுத்து மூலமே இருக்க வேண்டும்."

இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். நிறுவனம் 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, அது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரம்புக்குள் வரும் நிறுவனமாயின் அவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சிபில் முதலிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக உங்கள் கடன் அறிக்கையைத் தர வேண்டும். கடன் இப்போது யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள் என்பது அதில் தெரியக்கூடும். பெரியவரின் அறிக்கையில் பழைய நிறுவனத்தின் பெயரே இருந்தது. புதுக் கம்பெனி என்று வந்தவர் உண்மையில் யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

கொடுக்க மனம் இருந்தால்

கடிதத்தை எழுதி முடித்தபோது பெரியவர் சும்மா இருந்தார். பிறகு, "வாங்கினது வாங்கினதுதானே சார். கெடு போயிடுச்சுன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்றார்.

ஆகாது. கெடு கடந்தால் வழக்குப் போடும் உரிமைதான் போகிறது, கடன் போவதில்லை. விருப்பப்பட்டுக் கொடுத்தால் திரும்பக் கேட்க முடியாது. பாக்கி கடன் அறிக்கையில் நின்றால், நாளை வங்கியில் உழவர் கடன் அட்டை கேட்கும்போது தடை வரவும் கூடும். ஆயினும் எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதில் நம் முன்னோர் காலத்துச் சட்டம் ஒன்றை நினைவூட்டலாம். 1938இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி முழுதும் அச்சட்டத்தால் நீக்கப்பட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக வைத்தார்கள். அச்சட்டம் இன்றைய நிதி நிறுவனக் கடனுக்கு உதவாது. ஆனால் ரூ.60,000 வாங்கி ரூ.64,800 கட்டியவரிடம் மேலும் ரூ.1,85,000 கேட்பது எப்படிப்பட்டது என்று அளந்து பார்க்க அது ஒரு நல்ல மரக்கால்.

பெரியவர் மீதி ஒன்பது தவணையைக் கொடுத்துவிடத் தயார். அபராத வட்டி கொடுக்க மாட்டார். அது அவருடைய முடிவு. நான் குறுக்கே நிற்கவில்லை. அப்படிக் கொடுப்பதாயின் முறை இது. கடனுக்கு உரியவர் யார் என்பது ஆவணத்தால் நிரூபணமாக வேண்டும். இவ்வளவு தொகை பெற்றுக்கொண்டு கணக்கை முழுதும் முடிப்பதாக முதலில் அவர்கள் எழுதித் தர வேண்டும். பணத்தை ஒரே தவணையில், வங்கிக் கணக்கின் மூலம், நிறுவனத்தின் பெயருக்கே அனுப்ப வேண்டும். முகவர் கையில் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பின்னர் நிலுவையின்மைச் சான்றும், கொடுத்திருந்த புரோநோட்டும் காசோலைகளும் திரும்ப வர வேண்டும். ஒரே நிறுவனத்தில் உங்களுக்கு இரண்டு கடன் இருந்தால், எந்தக் கடனுக்கு இந்தப் பணம் என்று எழுதியே அனுப்புங்கள். எழுதாவிட்டால், அவர்கள் விருப்பப்படி கெடு கடந்த கடனுக்கே வரவு வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் இடந்தருகிறது; நடப்புக் கடன் பாக்கியாகவே நிற்கும்.

இதைவிடச் சிறந்த வழி மக்கள் நீதிமன்றம். அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஏற்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. அதனாலேயே, அங்கு கையெழுத்திடும் முன் தொகையை இரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

சம்மன் வந்துவிட்டால்

வாங்க மறுக்காதீர்கள். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளலாம். அதில் காலக்கெடு கடந்துவிட்டது என்பதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டிருந்தால் அதை நீக்கக் கோரி 30 நாட்களில் மனுச் செய்ய வேண்டும். சம்மன் முறையாகச் சார்வாகாதிருந்தால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சிறு விவசாயிகள் பலர் அதற்குள் வந்துவிடுவர். மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்த ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். போகும்போது ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா நகல், வந்த கடிதங்கள், கட்டிய ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பழைய ரசீதுகளின் மை சில ஆண்டுகளில் மங்கிவிடும். இப்போதே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பெரியவரின் 27 ரசீதுகளில் நான்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. வங்கிப் புத்தகத்தில் அந்த மாதங்களில் பணம் எடுத்த தேதிகளை வைத்துத்தான் அவற்றைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.